பார்க்கிற பக்கம்

பதினோராவது வளைவில்தான் அம்சவேணிக்குப் புரிந்தது, முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மனுசன் பயந்துபோயிருக்கிறார் என்று. இடுப்பைப் பிடித்திருந்த அவள் விரல்களுக்கு அடியில் சதை கல்லாகிக்கொண்டு வந்தது. வளைவு நெருங்க நெருங்க மூச்சு நின்றது, வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் நெஞ்சுக்கூடு பெரிதாக விரிந்து சுருங்கியது. இருபத்திரண்டு வருசம் லாரி ஓட்டியவர். நாக்பூர், கவுகாத்தி என்று போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என்னவோ தெருமுனைக் கடைக்குப் போய்வந்த மாதிரி, 'சோறு இருக்கா அம்சா' என்று கேட்கிறவர். அந்தச் செங்கோட்டுவேலுக்குக் கொல்லிமலைப் பாதையில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எதிரே ஈ காக்கா இல்லாத ரோட்டில் பயம். சொல்லலாமா, என்னங்க பயமா இருக்கா என்று கேட்கலாமா. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று சொன்ன பிறகு அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் முறுக்குவார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இப்போதைக்குப் பிரேக். பன்னிரண்டாவது வளைவின் பலகை கடந்துபோனது. இன்னும் ஐம்பத்தெட்டு.

அவளுக்கு இந்தப் பாதையில் பலகையே தேவையில்லை. பதினோரு வருசமாகத் தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறி இறங்குகிற பாதை. ஏழாவது வளைவில் வெயில் காலத்திலும் நீர் கசியும். இருபத்து மூன்றில் பொடிக்கல் கிடக்கும், முன்சக்கரம் வழுக்கும். மேலே போகப் போகக் குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களை ஊர்ப் பெரியமனுசர்கள் மாதிரிப் பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கூட்டிதான் வைத்திருந்தாள். ஒரு நாள் இறங்கும்போது பிரேக் சூடேறி நாற்றமடித்து, பிடித்தால் நிற்காமல் போனது. சுவரோரம் காலைத் தேய்த்து நிறுத்தி, உட்கார்ந்து நடுங்கிவிட்டு, அடுத்த வாரமே கியர் வண்டி வாங்கினாள். நூறு சிசி. இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் இஞ்சினே பிடித்துக்கொள்ளும். நர்சம்மா ஆம்பள வண்டி ஓட்டுது என்று மலையில் ஆறு மாதம் பேசினார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அவருக்கும் தெரியாது. அந்தப் பாதை அவளுக்குச் சந்தோசம். வெறும் சந்தோசம், வேறு பெயர் இல்லை. சின்ன வண்டியில் முழுசாக முறுக்கலாம், அது முழுசாகக் கத்தும், கத்தினாலும் நாற்பதுக்கு மேல் போகாது. வளைவுக்கு வரும்போது உடம்பை ஒரு பக்கம் கொடுத்தால் வண்டி கூடவே வரும், தலை சீவும்போது பின்னல் கைக்கு வருவது மாதிரி. ஒன்று முடிந்தால் அடுத்தது. நாற்பத்து மூன்று வயதில், பிபி மாத்திரையும் பேறுகாலப் பதிவேடும் சுமந்துகொண்டு போகிற ஒருத்திக்கு இதெல்லாம் என்ன சந்தோசம் என்று அவளே வெட்கப்பட்டிருக்கிறாள். இரண்டு தரம், யாருக்கும் சொல்லாமல், தேவையே இல்லாமல் பத்து வளைவு இறங்கி மறுபடி ஏறியிருக்கிறாள்.

அவளுடைய சின்ன வண்டியை அவர் 'தையல் மெஷின்' என்பார். மூன்று வாரம் முன்னால் இந்த அறுநூற்றைம்பது சிசி வண்டியைச் சேலத்திலிருந்து ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது, எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. 'மலைக்குச் சின்ன வண்டிதாங்க. இதுல கால்வாசி முறுக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். அப்புறம் என்ன ருசி இருக்கு?' என்றாள். 'உன் மெஷின்ல நீ மலையை ஏறுற. இதுல மலை தானா எறங்கி வரும்' என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள், வாய் அதற்குத் தயாரானதைப் பார்த்தாள், அதற்குள் எங்கேயோ போய்விட்டார். எட்டு மாதமாக அப்படித்தான். சாப்பிடும்போது நடுவில் போய்விடுவார். கை சோற்றில் இருக்கும். ஒரு மாதிரி சுவரைப் பார்ப்பார், சுவரில் பல்லி கூட இருக்காது. கர்நாடகா போகிற மலைப்பாதையில், லோடு ஏற்றி ஏறிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து பைக்கில் வேகமாக வந்த ஒரு பையன் லாரிக்கு அடியில் வந்துவிட்டான். அவ்வளவுதான் அவர் சொன்னது. நீள வண்டி திரும்பவேண்டும் என்றால் ரோடு முழுக்க எடுத்துத்தான் ஆகவேண்டும், எல்லா லாரியும் அப்படித்தான் திரும்பும், ஹாரன் அடித்திருந்தார், போலீஸ் அவர் பேரில் தப்பில்லை என்று எழுதிவிட்டது. எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்து பீரோவில் வைத்தார். அதோடு சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான்.

அந்தப் பையனும் இதே மாதிரிப் பெரிய வண்டியில்தான் வந்தான். அது அவளுக்கு அவர் சொல்லித் தெரியவில்லை, கூடப் போன கிளீனர் சொன்னான். அதனால்தான் மூன்று வாரமாக அவள் மனசு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. ஏன் இதே வண்டி. முள்ளில் மாட்டின முந்தானையை எடுக்க எடுக்க இன்னொரு இடத்தில் மாட்டுகிற மாதிரி, ஏன் இதே வண்டி. அதே நிறமா என்று கிளீனரிடம் கேட்க வாய் வந்து கேட்காமல் விட்டாள். சாகப் போகிறாரா. அப்படி நினைத்த ராத்திரி எழுந்து போய்ச் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து, விடிந்ததும் தன்மேலேயே கோபம் வந்து ஆணியில் மாட்டிவிட்டாள். சாகப் போகிறவர் பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாரா. 'ஒரு தடவை மலைக்குப் போயிட்டு வரலாம், நீயும் வா' என்று நேற்று அவர் சொன்னபோது, நீயும் வா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்திருக்கிறாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்றில் பொடிக்கல் இருக்குதுங்க என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை, அவரே பார்த்துக் கடந்தார். மெதுவாகத்தான் போகிறார். மிக மெதுவாக. அதுவும் ஆபத்துதான், இத்தனை கனத்தை இவ்வளவு மெதுவாக வளைத்தால் அது பக்கவாட்டில் சாயத்தான் பார்க்கும். திங்கட்கிழமை முகாமுக்கு ஐஸ் பேக் உறைய வைத்தேனா. வைத்தேன். வாழவந்திநாட்டில் அந்த ஏழு மாதக்காரிக்குக் கால் வீங்கியிருந்தது, அவளைக் கீழே அனுப்பச் சொல்லவேண்டும். இப்போது எதற்கு அது. முப்பது.

முப்பத்தோராவது வளைவில் மேலேயிருந்து ஒரு மினி பஸ் இறங்கியது. ஒன்றும் வேகமில்லை, ரோட்டில் தன் பக்கத்திலேயேதான் வந்தது. அவர் தலை பஸ்ஸின் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டதைப் பின்னாலிருந்து பார்த்தாள். ஹெல்மெட் அசையவில்லை, கை அசையவில்லை, வளைய வேண்டிய வண்டி வளையாமல் நேராக அந்தப் பஸ்ஸின் முகத்தைப் பார்த்துப் போனது. 'என்னங்க!' என்று அவள் கத்தியதும் பஸ்காரர் வெடுக்கென்று ஒடித்ததும் ஒன்றாக நடந்தது. தகரம் ஒரு முழத்தில் உரசாமல் போனது. வண்டி எதிர்ப்பக்கச் சுவரோரம் புல்லில் ஏறி, இஞ்சின் அடங்கி நின்றது. பஸ்ஸிலிருந்து யாரோ என்னவோ திட்டினார்கள், சத்தம் கீழே கீழே இறங்கிப்போனது. அதற்கப்புறம் ஒரு பறவை மட்டும். அவள் இறங்கினாள். அவர் இறங்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். அவள்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள், ஊசிக்குப் பயந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்ட பிள்ளையின் விரலைப் பிரிப்பது மாதிரி. சுவரில் உட்கார வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க வேர்வை. திட்டவேண்டும் என்று வந்தது, ரெண்டு பேரையும் கொன்னிருப்பீங்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

'அவன் என்கிட்டப் பேசுனான் அம்சா' என்றார். யாரு என்று அவள் கேட்கவில்லை. 'எறங்கி ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில வெச்சேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தான். வலிக்குதுன்னு சொல்லல. அம்மான்னு கூடச் சொல்லல. வண்டி திரும்பலண்ணா, வண்டி திரும்பலண்ணான்னு ரெண்டு தடவை சொன்னான். ஏதோ என்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி. அப்புறம் சொல்லல.' காகிதத்தில் எழுதாத ஒன்று. எட்டு மாதமாக அவர் சோற்றில் கை வைத்துக்கொண்டு போன இடம் இதுதான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. தெரிந்ததும், அத்தனை நாளும் பல்லி இல்லாத சுவரைத் தானும் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. 'நான் ரோட்டை அடைச்சுத்தான் நின்னேன். சுவரோரம் ஒரு வண்டி போற இடம் இருந்துச்சு. அவ்வளவுதான் இருந்துச்சு. நெசமாவே இந்த வண்டி திரும்பாதா, இல்ல நான் திரும்ப இடம் விடலையா? அதைத்தான் பார்க்கணும். வேற ஒண்ணுக்கும் இல்ல. ஓட்டிப் பார்த்தாத் தெரிஞ்சுரும்னு வாங்குனேன். ஆனா எனக்கு ஓட்ட வரமாட்டேங்குது. வளைவு வந்தா அவன் மூஞ்சிதான் வருது.' அவர் அழவில்லை. அழுதால் தேவலாம் என்று இருந்தது. 'உன்னையும் கூட்டிட்டு வந்து... நான் ஒரு மடையன்.'

ஏன் இதே வண்டி. அவளுக்குள் இத்தனை நாள் மாட்டியிருந்தது விட்டுப்போய், அந்த இடம் காலியாக இருந்தது. சாக இல்லை. கேட்க. செத்தவனிடம் ஒரு கேள்வியைக் கேட்க வண்டி வாங்கியிருக்கிறார் மனுசன். பாறைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது; கீழே, இருபதாவது வளைவோ பதினெட்டோ, ரோடு வெள்ளையாக மடிந்து மடிந்து கிடந்தது. அந்தப் பையன் இறங்கி வந்தான், ஏறவில்லை. ஏறி எத்தனை வளைவு போனாலும் இதற்குப் பதில் கிடைக்காது. இறங்கித்தான் பார்க்கவேண்டும். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே திக்கென்றது. 'எந்திரிங்க. வண்டியைத் திருப்பிப் புடிங்க' என்றாள். 'எதுக்கு?' 'நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க.' 'அம்சா, அது இருநூறு கிலோ.' 'நான் ஒண்ணும் தூக்கப் போறதில்ல. ஓட்டத்தான போறேன்.' அவர் அவளையே பார்த்தார். அப்புறம் எழுந்து, இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளி, முகத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். அவள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். கால் நுனிதான் எட்டியது. கிளட்சைப் பிடிக்க நாலு விரலும் வேண்டியிருந்தது. பின்னால் அவர் ஏறியதும் வண்டி அமுங்கி, ஒரு கணம் மொத்தமும் இடது பக்கம் சாயப்பார்த்தது, அவர் கால் ஊன்றினார். அவருடைய கை அவள் இடுப்புக்கு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

முதல் வளைவில் அது பிடிவாதம் பிடித்தது. தண்ணீர் நிறைந்த அண்டாவை ஒரு பக்கம் சாய்க்கிற மாதிரி, சாயமாட்டேன் என்று நின்று, பிறகு திடுமென்று சாய்ந்தது. அவள் பயந்து நிமிர்த்தி, ரோட்டின் நடுவுக்குப் போய், திட்டிக்கொண்டே மீட்டாள். இரண்டாவதில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள், கியரை இறக்கினாள். மூன்றாவதில் தன் சின்ன வண்டிக்குக் கொடுக்கிற மாதிரி உடம்பைக் கொடுத்தாள், அது வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டபின் அசையவில்லை. சின்ன வண்டி வளைவுக்குள் சின்னச் சின்னதாகத் துடிக்கும், கல் பட்டால் துள்ளும், அதை விரலால் பேசிப் பேசிக் கொண்டுபோகவேண்டும். இது ஒரு தடவை சொன்னதைக் கேட்டுக்கொண்டு அப்படியே கிடந்து போனது. அடியில் இஞ்சின் ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி உறுமியது. இருபத்தேழு. காற்று முகத்தில் ஏலக்காயும் ஈரமண்ணுமாக மோதியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, என்ன இது, ஒரு செத்த பையனுக்காக ஓட்டுகிறேன், பின்னால் என் புருசன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அதே மலைக்காற்று, அதே கனம், சொன்னதைக் கேட்கிற ஒரு பெரிய உயிர். இருபத்தாறு வயசாம். சந்தோசமாக வந்துகொண்டிருந்தவன். இதை இவரிடம் சொல்லலாமா, அவன் கடைசி வளைவு வரைக்கும் சந்தோசமாகத்தான் இருந்திருப்பான் என்று. சொன்னால் ஆறுமா, இன்னும் கீறுமா.

பத்தொன்பதாவது வளைவில் வலது பக்கம் திரும்பவேண்டும். திரும்பும் முன்பே ஹாரன் கேட்டது, கேட்டதும் லாரி தெரிந்தது. ஏறி வருகிற லாரி, வளைய இடம் வேண்டி அகலமாக எடுத்து, மூக்கை ரோட்டின் குறுக்கே நீட்டியிருந்தது. கண்ணாடி, கண்ணாடியில் ஒட்டிய திருநீற்றுப் பட்டை, பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழம், எல்லாம் ஒரே நேரத்தில் பெரிதாகப் பெரிதாக. அவள் அதைத்தான் பார்த்தாள். பார்க்காமல் எப்படி இருப்பது. பார்த்த அந்த நொடி வண்டி அந்த எலுமிச்சம்பழத்துக்கு நேராகப் போனது. கையால் திருப்புகிறாள், திரும்பவில்லை. பிரேக்கைப் பிடிக்கிறாள், இன்னும் நிமிர்ந்துகொண்டு நேராகப் போகிறது. வண்டி திரும்பல, வண்டி திரும்பல. இடுப்பில் இருந்த கை இறுகியது. எது அவள் கண்ணைப் பிடுங்கி இடது பக்கம் போட்டது என்று பிற்பாடும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருசப் பழக்கம்தான், வேறென்ன. லாரியின் மூக்குக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு ரோடு, ஓரத்தில் காய்ந்த புல். அந்தப் புல்லைப் பார்த்தாள். பிரேக்கை விட்டாள். புல்லையே பார்த்தாள். இத்தனை நேரம் செவிடாக இருந்த வண்டி புல்லைப் பார்த்துப் போனது. லாரியின் சூடு வலது முழங்காலில் அடித்துவிட்டுக் கடந்தது. வளைவின் மிச்சமும் முடிந்தது. அவள் நேர்ப்பாதையில் ஐம்பதடி தள்ளி ஓரம் கட்டினாள். ஸ்டாண்டு போடத் தெரியாமல் கால் தடுமாற, அவரே எட்டிப் போட்டார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பின்னாலிருந்து அவர் குரல், கேட்க மனசில்லாதவர் கேட்கிற மாதிரி, 'திரும்புச்சா?' என்றது. அவளிடம் இரண்டு பதில் இருந்தது. திரும்பலைங்க, இந்தக் கனம் திரும்பாது, அவன் சொன்னது நெசம், நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அவன் வந்து இடிச்சுத்தான் இருப்பான். இதைச் சொன்னால் இன்றைக்கே சோறு இறங்கும். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு, ஒண்ணும் ஆகாதும்மா, நல்லாயிரும் என்று பொய் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு பொய்யா வராது. ஆனால் அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்கும் கண் இருக்கிறது. 'திரும்புச்சுங்க' என்றாள். அவர் கை அவள் இடுப்பிலிருந்து விழுந்தது. 'இருங்க, முழுசாக் கேளுங்க. மொதல்ல திரும்பல. நான் லாரியைப் பார்த்தேன், லாரிக்கே போச்சு. கையால என்ன செஞ்சாலும் கேக்கல. புல்லைப் பார்த்ததும் புல்லுக்குப் போச்சு. என் வண்டியும் அப்படித்தான், சின்னது பெருசுன்னு இல்ல. பார்க்கிற பக்கம்தான் போகும். எனக்குப் பதினோரு வருசமா இந்த ரோடு பழக்கம். எனக்கே ஒரு நொடி வரல. அந்தப் பையனுக்கு எப்படிங்க வரும்? எதுக்க லாரி நிக்கையில லாரியைப் பார்க்காம எப்படி இருப்பான்? அவன் பொய் சொல்லல. அவனுக்குத் திரும்பலதான்.'

அவள் முதுகில் ஒரு கனம் வந்து சாய்ந்தது, அவர் நெற்றி. சட்டைத்துணி வழியாக ஈரம் தெரிந்தது. எட்டு மாதம் தாண்டி இப்போதுதான். உடம்பு குலுங்கக் குலுங்க, இத்தனை கனமான வண்டியும் கூட ஆடியது. அவள் எட்டிய கால் நுனி இரண்டையும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்; திரும்பிப் பார்க்கவில்லை, தேற்றவில்லை. பைக்கில் வந்த ஒருத்தர் வேகம் குறைத்து, 'என்னங்க, ஏதாச்சும் ரிப்பேரா?' என்றார். 'ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க' என்றாள். குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

'அந்தப் பையனோட அப்பா மூணு தடவை போன் பண்ணுனாரு' என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. 'கடைசியா ஏதாச்சும் சொன்னானான்னுதான் கேட்டாரு. ஒண்ணும் சொல்லலைங்கன்னுட்டேன். மூணு தடவையும் அப்படியே சொன்னேன்.' அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்து, மீசை நனைந்து, வயசானவராக, ஆனால் இங்கேயே இருந்தார், எங்கேயும் போகவில்லை. 'அவங்க ஊரு சத்தியமங்கலத்துக்குப் பக்கம். போய்ச் சொல்லணும் அம்சா. அவங்க பையன் சொன்னது, அவங்களுதுதான. அடிச்சாலும் அடிக்கட்டும்.' 'போலாங்க' என்றாள். 'நீயும் வர்றியா?' 'வர்றேன்.' அவர் வண்டியைப் பார்த்தார், டேங்கின் மேல் விழுந்திருந்த மரநிழலைப் பார்த்தார். 'இதுல போக வேண்டாம்' என்றார். 'வேண்டாங்க' என்றாள் அம்சவேணி. 'பஸ்ல போலாம்.'